அன்னையை மறைக்காத பாடகன்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

சிலருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது அவரைப் போல நாமும் வாழ வேண்டும் என்ற ஆவல் பிறக்கும். வேறு சிலருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது, இத்தனை ஆற்றல் உள்ளவர் ஏன் இப்படி அழிந்தார் என்ற கேள்வி பிறக்கும். முதல் வகையினரைப் பற்றியே கல்லூரி மலர்களில் எழுதுவது வழக்கம். காந்தியடிகள், ஆபிரகாம் லிங்கன், மேரி கியூரி அம்மையார் ஆகியோர் அந்த வரிசையில் வருவர். நான் எழுதப் புகுவதோ இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் டூபாக் ஷகூர். அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர். 1996ஆம் ஆண்டு, தம் 25ஆம் வயதில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர். நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தவர்.

சிறை சென்ற ஒருவரைப் பற்றி நம் மலரில் எழுதலாமா என்று வகுப்புத் தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் சிறையில் இருந்த நாளில்தான் அவருடைய இசைத்தொகுப்பு ஒன்று அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அந்தத் தொகுப்பிலுள்ள ஒரு பாட்டை அந்நாட்டின் காங்கிரஸ் நூலகம் காலத்துக்கும் காக்கத்தக்க ஒலிப்பதிவாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. குற்றவாளி என்று ஒரு கை விலங்கு பூட்ட, கலைஞன் என்று இன்னொரு கை மாலை சூட்டியது. இரண்டில் எது உண்மை? இரண்டுமே உண்மை என்பது என் கருத்து. அதைக் காட்டவே இக்கட்டுரை.

ராப் என்பது யாது?

ராப் பாட்டில் இராக ஆலாபனை இல்லை. தாளம் முன்னே நடக்க, அதன் மேல் சொற்கள் பேச்சைப் போல வேகமாக ஓடும். அடிகளின் இறுதியில் இயைபு ஒலிக்கும். சில நேரங்களில் அடியின் நடுவிலும் ஒலிக்கும். பாடுகிறவர் பெரும்பாலும் தாமே எழுதியதைத்தான் பாடுவார். ஆகவே குரல்வளத்தைவிடச் சொல்வளமே இதற்கு முதல் தேவை.

இதன் பிறப்பிடம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இடம். 1973 ஆகஸ்டு 11 அன்று ஜமைக்காவிலிருந்து குடியேறிய கிளைவ் கேம்பல் என்ற இளைஞர், தம் சகோதரி ஏற்பாடு செய்த ஒரு விருந்தில் இசைத்தட்டுகளை இயக்கினார். ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை இரண்டு கருவிகளில் வைத்து, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓடவிட்டு அதை நீட்டுவது அவர் கண்ட உத்தி. அந்த நீண்ட தாளத்தின் மேல் பேசத் தொடங்கியதே ராப் ஆயிற்று. வாத்தியம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் பழைய இசைத்தட்டையே வாத்தியமாக்கிக் கொண்டார்கள் எனலாம். பின்னாளில் கணினிக் கருவிகள் வந்தபின், பழைய பாட்டின் ஒரு துண்டை எடுத்துப் புதிய பாட்டுக்கு அடித்தளமாக இடுவது எளிதாயிற்று.

சிறையில் கருவாக இருந்த பிள்ளை

டூபாக்கின் கதையை அவருடைய தாயிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அஃபெனி ஷகூர் 1947இல் வட கரோலினா மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் வளர்ந்து, 1968இல் கருஞ்சிறுத்தைகள் கட்சியில் சேர்ந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகவும், காவல்துறையின் கொடுமைக்கு எதிராகவும் எழுந்த கட்சி அது. 1969 ஏப்ரலில் அக்கட்சியினர் 21 பேர் மீது வெடிகுண்டுச் சதி வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் அஃபெனியும் ஒருவர். வழக்கு நடந்த காலத்தில் அவர் கருவுற்றிருந்தார், சிறையிலும் அடைக்கப்பட்டார். சட்டம் படிக்காத அவர், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் நீதிமன்றத்தில் தாமே வாதாடினார். 1971 மே மாதத்தில், விசாரணைக்கு நின்றவர்கள் மீது சாட்டப்பட்ட 156 குற்றச்சாட்டுகளிலிருந்தும் அனைவரும் விடுதலை பெற்றனர்.

அடுத்த மாதமே, 1971 ஜூன் 16 அன்று மகன் பிறந்தான். பிறப்பின்போது வைத்த பெயர் வேறு. பின்னர் தாய் தேர்ந்து வைத்த பெயர் டூபாக் அமாரு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 1780இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து, மறு ஆண்டே கொடுமையாகக் கொல்லப்பட்ட தலைவரின் பெயர் அது. பிள்ளைக்குச் சொத்து எதுவும் வைக்க முடியாத தாய், ஒரு வரலாற்றையே பெயராக வைத்தார்.

செய்தித்தாளே தண்டனை

தந்தை உடன் இல்லாத வீடு. தங்கை ஒருத்தி. வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறிய வாழ்க்கை. அரசு தரும் உதவித்தொகையில்தான் பல மாதங்கள் ஓடின. அந்த வீட்டில் பிள்ளை தவறு செய்தால் தாய் கொடுக்கும் தண்டனை, நியூயார்க் டைம்ஸ் செய்தித்தாளை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது.

இதைப் படித்தபோது நான் சற்று நின்றேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆயினும் மாலையில் நான் புத்தகத்தைத் திறக்காமல் சோறு கேட்டால் தட்டு வராது. அஃபெனி படித்தவர், போராட்டக்காரர். என் அம்மா அப்படியல்லர். இருந்தும், கையில் ஒன்றுமில்லாத தாய்மார்கள் பிள்ளைக்கு எழுத்தைத்தான் முதலாகக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கிற்று.

டூபாக் சிறு வயதில் ஹார்லெம் பகுதி நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் புகழ்பெற்ற நாடகத்தில் நடித்தார். குடும்பம் பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்த பின், அங்கிருந்த கலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. நடிப்பு, கவிதை, பாலே நடனம் ஆகியவற்றை அங்கே கற்றார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தோய்ந்தார். பிற்காலத்தில் முரடர் என்று உலகம் அறிந்த மனிதர், பள்ளி மேடையில் பாலே ஆடியவர் என்றால் நம்புவது கடினம்.

1988இல் அந்தப் படிப்பு பாதியில் நின்றது. குடும்பம் நாட்டின் மேற்குக் கரைக்கு, கலிபோர்னியாவின் மரின் சிட்டிக்குச் சென்றது. அக்காலத்தில் அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில் கிராக் என்னும் கொக்கேய்ன் வகைப் போதைப்பொருள் காட்டுத்தீ போலப் பரவியிருந்தது. 156 குற்றச்சாட்டுகளை எதிர்த்து நின்று வென்ற அஃபெனி, அந்தப் போதைக்கு அடிமையானார். மகன் மனம் உடைந்து வீட்டை விட்டு வெளியேறினார். தெருவில் சிறிது காலம் போதைப்பொருள் விற்றும் பார்த்தார். பள்ளிப் படிப்பு முடியவே இல்லை.

மேடையும் தெருவும்

1989இல் லைலா ஸ்டைன்பர்க் என்ற பெண்மணி நடத்திய கவிதைப் பயிலரங்கில் அவர் சேர்ந்தார். அதன் வழியாக டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட் என்ற இசைக்குழுவில், மூட்டை தூக்கும் உதவியாளராகவும் நடனக்காரராகவும் வேலை கிடைத்தது. 1991இல் முதல் தனித் தொகுப்பு வெளிவந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தாயாகி, யாருமறியாமல் படும் துயரத்தைச் சொல்லும் பாட்டு அதில் உண்டு. செய்தித்தாளில் படித்த ஒரு நிகழ்ச்சியே அதற்கு வித்து. அன்று தாய் கொடுத்த தண்டனை இங்கே பயன் தந்தது எனலாம்.

அதே தொகுப்பில் காவல்துறையைத் தாக்கும் பாட்டுகளும் இருந்தன. 1992இல் அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேல் அந்தத் தொகுப்புக்குச் சமுதாயத்தில் இடமில்லை என்று கண்டித்தார். அதே ஆண்டு டூபாக் திரைப்பட நடிகராகவும் புகழ் பெற்றார். 1993இல் வந்த அடுத்த தொகுப்பில், தனித்து வாழும் ஏழைத் தாய்மார்களுக்கு ஆறுதல் கூறி, பெண்ணை இழிவுபடுத்தும் ஆண்களைக் கடியும் ஒரு பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டை நாம் மறக்கலாகாது. பின்னே அதை நினைவுகூர வேண்டியிருக்கும்.

தொகுப்பு உருவான காலம்

அவருடைய மூன்றாவது தொகுப்பின் பெயர் மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட். உலகத்துக்கு எதிரே நான் என்பது பொருள். பெரும்பகுதி 1994இல் ஒலிப்பதிவானது. அப்போது அவர் தலைக்கு மேல் வழக்குகள் தொங்கின. அவற்றுள் கொடியது, 1993 நவம்பரில் நியூயார்க் விடுதி அறையில் ஓர் இளம்பெண்ணை அவரும் அவருடன் இருந்தவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினர் என்ற வழக்கு. பகலில் நீதிமன்றம், இரவில் ஒலிப்பதிவுக்கூடம் என்ற நிலை.

அந்த நெருக்கடி தொகுப்பில் தெரிகிறது. முன்னைய தொகுப்புகளில் பாடகரின் விரல் வெளியே நீண்டிருந்தது: அரசு, காவலர், சமுதாயம். இதில் அது தம் நெஞ்சை நோக்கித் திரும்புகிறது. சாவைப் பற்றிய அச்சம், இறந்துபோன நண்பர்கள், உறங்க முடியாத இரவுகள் ஆகியவையே பல பாட்டுகளுக்குப் பொருள். தாமும் விரைவில் சாகக்கூடும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. இடையே ஒரு பாட்டில், தாம் சிறுவனாக நியூயார்க் தெருக்களில் கேட்டு வளர்ந்த முன்னோடி ராப் பாடகர்களைப் பெயர் சொல்லி நன்றி கூறுகிறார். இசையமைப்பும் பல கைகளின் வேலை. தலைப்புப் பாட்டின் இசையை அமைத்தவர் டென்மார்க் நாட்டவர். வேறு இரண்டு பாட்டுகளுக்கு நியூயார்க்கின் ஈசி மோ பீ. பழைய குழுத்தோழர் ஷாக் ஜியின் பங்கும் உண்டு.

1994 நவம்பர் 30 இரவு மன்ஹாட்டன் பகுதியில் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றின் முன்கூடத்தில் அவரைச் சிலர் சுட்டு, நகைகளைப் பறித்தனர். ஐந்து குண்டுகள் பாய்ந்தன. மறுநாளே, கட்டுகளுடன் சக்கர நாற்காலியில் அவர் நீதிமன்றம் வந்தார். மேலும் கடுமையான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்த நடுவர் குழு, பாலியல் தொல்லை புரிந்த குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 1995 பிப்ரவரியில் ஒன்றரை ஆண்டு முதல் நான்கரை ஆண்டு வரை சிறை என்று தண்டனை விதிக்கப்பட்டது.

அன்னைக்கு ஒரு பாட்டு

அந்தப் பிப்ரவரியிலேயே தொகுப்பின் முதல் பாட்டு தனியாக வெளிவந்தது. டியர் மாமா, அன்புள்ள அம்மா என்று பொருள்படும் பாட்டு. இதற்கு அடித்தளமாக இரண்டு பழைய ஒலிப்பதிவுகள் உள்ளன. ஒன்று ஜோ சாம்பிள் என்ற பியானோக் கலைஞருடையது. மற்றொன்று, ஸ்பின்னர்ஸ் குழுவினர் 1974இல் பாடிய, மறைந்த தாயொருத்தியை நினைந்துருகும் பாட்டு. அதன் சாயலில்தான் இதன் பல்லவி அமைந்தது. தாயைப் போற்றும் பழைய மரபின் மேலேயே புதிய பாட்டு நிற்கிறது.

ஆனால் மரபு சொல்லாத ஒன்றை இது சொல்கிறது. தந்தை இல்லாத வீட்டில் உதவித்தொகையைக் கொண்டு இரு பிள்ளைகளை வளர்த்த பாட்டைச் சொல்கிறார். தாயும் மகனும் சண்டையிட்டதையும், இளமையிலேயே தாம் வீட்டை விட்டுப் போனதையும், தெருவில் போதைப்பொருள் விற்றதையும் ஒளிக்காமல் கூறுகிறார். தாய் போதைக்கு அடிமையாக இருந்தார் என்பதையும் உலகறியச் சொல்கிறார். சொல்லிவிட்டு, அந்த நிலையிலும் அவர் தமக்கு அரசிதான் என்கிறார். பட்ட கடனைத் தீர்க்க வழியில்லை என்கிறார்.

நம் கல்லூரி மலர்களைப் புரட்டுங்கள். ஆண்டுதோறும் அன்னையைப் பற்றிக் கவிதை வராமல் இருப்பதில்லை. நானும் முதலாமாண்டில் ஒன்று எழுதினேன். அக்கவிதைகளில் தாய் தெய்வம், தாய் தியாகச்சுடர், தாய் கோயில். கடன்காரனுக்குப் பயந்து பொய் சொன்ன தாய் அவற்றில் இல்லை. ஆற்றாமையில் பிள்ளையை அடித்துவிட்டு அழுத தாய் இல்லை. தெய்வமாக்கிவிட்டால் அவளுடைய துன்பத்தைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா? டூபாக் தம் தாயைத் தெய்வமாக்கவில்லை, அவமானப்படுத்தவும் இல்லை. குறையை அறிந்தே செலுத்தும் நன்றி, குறையை மறைத்துச் செலுத்தும் வணக்கத்தைவிட உயர்ந்தது என்று இந்தப் பாட்டால் நான் கற்றுக்கொண்டேன்.

அஃபெனி அதற்குள் போதையிலிருந்து மீண்டுவிட்டார். மகன் சிறைப்பட்டிருந்ததால், பாட்டுக்கான படத்தில் தாயே தோன்றினார். தம் வீழ்ச்சியைச் சொல்லும் பாட்டில் தம் முகத்தையே காட்ட எத்தனை துணிவு வேண்டும்! அந்தப் பாட்டின் பெருமையில் சரிபாதி அந்த அம்மையாருக்கு உரியது.

சிறைக்குள் கிடைத்த முதலிடம்

தொகுப்பு 1995 மார்ச் 14 அன்று வெளியானது. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு அருகே டனமோரா என்ற ஊரில் உள்ள கடுங்காவல் சிறையில் அவர் தண்டனையைக் கழித்தார். பில்போர்டு இதழின் பட்டியலில் தொகுப்பு முதலிடத்திலேயே நுழைந்து, நான்கு வாரம் அங்கே நின்றது. சிறையில் இருக்கும்போது முதலிடம் பெற்ற முதல் பாடகர் அவரே. டியர் மாமா தனிப்பாட்டுகளின் பட்டியலில் 9ஆம் இடம்வரை ஏறியது. கிராமி விருதுக்குத் தொகுப்பும் பாட்டும் பரிந்துரைக்கப்பட்டன. விருது இரண்டுக்கும் கிடைக்கவில்லை.

வரவேற்பு மட்டும் இருந்தது என்று சொல்வதற்கில்லை. கறுப்பின உரிமைப் போராட்டத்தில் நின்ற சி. டெலோரஸ் டக்கர் அம்மையாரே, இத்தகைய பாட்டுகள் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்று இயக்கம் நடத்தினார். எதிர்ப்பின் அழுத்தத்தால், டைம் வார்னர் நிறுவனம் இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை 1995இல் கைவிட்டது. டூபாக்கின் தொகுப்புகளை வெளியிட்டது அந்த இன்டர்ஸ்கோப்தான்.

அவர் தந்த அளவுகோல்

இங்கேதான் தோழர்களின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். பெண்ணை மதிக்கச் சொல்லிப் பாடிய அதே ஆண்டில் அந்த விடுதி அறை நிகழ்ச்சி நடந்தது. குற்றத்தை அவர் இறுதிவரை மறுத்தார். மற்றவர்களைத் தடுக்காமல் போனதற்காக மட்டும் வருத்தம் தெரிவித்தார். தீர்ப்போ அவருக்கு எதிராக நின்றது. அந்தப் பெண்ணும் யாரோ ஒரு தாயின் மகள்தான். அவளுக்காக நாடு போற்றும் பாட்டு ஒன்றும் எழவில்லை.

கலையைப் போற்றுகிறவர்கள் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். குற்றத்தைச் சொல்கிறவர்கள் கலையைக் குப்பை என்கிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. அன்பு காட்டுவதற்காக உண்மையை மறைக்க வேண்டியதில்லை என்று நமக்குக் காட்டியவர் டூபாக். தம் தாயை அவர் எந்த அளவுகோலால் அளந்தாரோ, அதே அளவுகோலால் அவரையும் அளப்பதே முறை. பாட்டை நேசிக்கிறேன், குற்றத்தை மறைக்க மாட்டேன். அவருடைய தாய் தம் குறை பாடப்படுவதைப் பொறுத்துக்கொண்டார். மகனின் அன்பர்களும் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முடிவும் பின்னும்

1995 அக்டோபரில், மேல்முறையீடு நிலுவையில் இருக்க, 14 லட்சம் டாலர் பிணையில் அவர் வெளிவந்தார். டெத் ரோ இசை நிறுவனத்தின் தலைவர் அந்தப் பிணைக்கு வழிசெய்தார். கைம்மாறாக அந்த நிறுவனத்துக்குப் பாட டூபாக் ஒப்பந்தமானார். 1996 பிப்ரவரியில் வந்த இரட்டைத் தொகுப்பு பெரும் விற்பனை கண்டது. ஆனால் சிறைக்கு முந்திய தொகுப்பில் கேட்ட தன்னாய்வுக் குரல் அதில் குறைந்து, பகையும் ஆரவாரமும் ஓங்கின. கிழக்குக் கரைப் பாடகர்களுக்கும் மேற்குக் கரைப் பாடகர்களுக்கும் மூண்ட பூசலில் அவர் முன்னணியில் நின்றார். 1996 செப்டம்பர் 7 இரவு லாஸ் வேகஸ் நகரில், குத்துச்சண்டை பார்த்துவிட்டுக் காரில் சென்றபோது சுடப்பட்டார். செப்டம்பர் 13 அன்று உயிர் பிரிந்தது. சிறையிலிருந்து வெளிவந்து பதினொரு மாதங்களே ஆகியிருந்தன.

மகனுக்குப் பின் தாய் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். மகனின் பாட்டுரிமைகளை வழக்காடிக் காத்து, அவர் பெயரில் இளைஞர்களுக்குக் கலை பயிற்றும் அறக்கட்டளையை நிறுவினார். மகன் இளமையில் எழுதிய கவிதைகள் 1999இல் நூலாக வந்தன. 2010இல் காங்கிரஸ் நூலகம் டியர் மாமாவைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. தாய் கண்ணாரக் கண்ட பெருமை அது. 2016 மே மாதத்தில் அஃபெனி மறைந்தார்.

உயர்நிலைப் பள்ளியை முடிக்காத ஓர் இளைஞரின் சொற்களை அவர் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பாடமாக எடுத்துப் படித்திருக்கின்றன. அவருக்குக் கிடைக்காத கல்லூரி இருக்கை நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் அமர்ந்து நாம் எழுதும் சொல்லிலாவது நம் வீட்டின் வறுமையையும், நம் பெற்றோரின் தளர்ச்சியையும், நம் சொந்தத் தவற்றையும் மறைக்காமல் எழுதும் துணிவு வேண்டும். அடுத்த ஆண்டு மலருக்கு அன்னையைப் பற்றிக் கவிதை எழுதப்போகும் தோழர்களே, பேனாவை எடுக்குமுன் ஒருநாள் அம்மாவின் அருகில் உட்கார்ந்து, அவர் பட்டதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.